கலங்கிய கடலிலும் படம் எடுக்கலாம்

கடலுக்கடியில் இருக்கும் பொடிப்பொடி உயிர்களை நெருங்கிப் படம் எடுப்பது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்குமே ஊர் மட்டும்.

தூத்துக்குடி வாசகர்: எங்க ஊர்க் கடல் வருஷத்தில் பாதி நாள் கலங்கலாகத்தான் கிடக்கும். இதில் கேமராவைக் கொண்டுபோய் என்னத்தை எடுப்பது? மாலத்தீவு, இந்தோனேசியா என்று போக வசதி இருப்பவர்களுக்குத்தானே இதெல்லாம்?

இந்த மாதிரிக் கடிதம்தான் அதிகம் வந்தது, அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். தெளிந்த தண்ணீர் யாருக்கு வேண்டும் என்றால், ஒரு திமிங்கிலச் சுறாவையோ பவளப்பாறை முழுவதையுமோ ஒரே படத்துக்குள் அடக்க நினைப்பவர்களுக்கு. நம் கண் இருப்பது இரண்டு சென்டிமீட்டர் இறால் மேல். அதை எடுக்கும்போது லென்ஸுக்கும் இறாலுக்கும் நடுவே ஒரு சாண் தண்ணீர்கூட இருக்காது, பல நேரம் நாலு விரற்கடைதான். அந்த நாலு விரற்கடைக்குள் எவ்வளவு அழுக்கு மிதந்துவிட முடியும்? ஐந்து மீட்டருக்கு அப்பால் எதுவுமே தெரியாத நாளில் எடுத்த இறால் படத்தையும், கண்ணாடி மாதிரித் தண்ணீரில் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எது என்று உங்களால் சொல்ல முடியாது.

இந்தோனேசியா என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே வடக்கு சுலவேசியில், பிதுங் துறைமுகத்துக்கு எதிரே லெம்பே ஜலசந்தி இருக்கிறது. பொடி உயிர்களைப் படம் எடுக்கிறவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் போய் இறங்கும் இடம் அது. பவளத் தோட்டத்தை நினைத்துக்கொண்டு போனால் முதல் டைவிலேயே முகம் தொங்கிவிடும். கறுப்பு எரிமலை மணல், அதன் மேல் பாட்டில், டயர், அறுந்த கயிறு, யாரோ போட்ட செருப்பு. அந்தச் செருப்புக்குப் பின்னால்தான் உடம்பெல்லாம் ரோமம் முளைத்த தவளை மீன் உட்கார்ந்திருக்கும். ஒளிய இடமே இல்லாத மணல்வெளியில் பிழைக்கிற உயிர்கள் தங்கள் நிறத்தையும் உருவத்தையும் நடையையும் மாற்றிக்கொண்டுதான் பிழைக்கின்றன, அதனால்தான் அங்கே அத்தனை விசித்திரம். இதற்கு மக் டைவிங், அதாவது சேற்று டைவிங், என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் அனிலாவ் என்ற இடமும் இதற்கே பேர் பெற்றது.

சரி, நம் பக்கம் வருவோம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே இருக்கும் 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் போகக்கூடாது, படகுக்காரர் பழக்கமானவர் என்பதெல்லாம் காரணம் ஆகாது. ஆனால் கரையோரக் கடற்புல், பாறை ஓரம், பழைய படகுத்துறைத் தூண்கள் இவற்றில் உங்களுக்கு ஒரு ஆயுளுக்குப் போதுமான வேலை இருக்கிறது. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் பொங்கும், பாக் நீரிணைப் பக்கம் அடங்கி இருக்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் அது தலைகீழாகும். இதை மீனவர்களிடம் கேட்டால் நாளே குறித்துக் கொடுப்பார்கள். ஒன்றே ஒன்று, நீட்டிய கை தெரியாத நாளில் மட்டும் இறங்காதீர்கள். படத்துக்காகச் சொல்லவில்லை, கூட வந்தவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது.

சென்னை வாசகி: முதல் கேமராவாக எதை வாங்குவது? கடைக்காரர் சொல்லும் லிஸ்டைப் பார்த்தால் ஸ்கூட்டரை விற்க வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

ஸ்கூட்டர் இருக்கட்டும். பெரிய கேமரா, நெருங்கி எடுப்பதற்கான 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், கேமராவைத் தண்ணீர் புகாமல் மூடி வைக்க அதற்கென்று கடைந்த அலுமினிய ஹவுசிங், கடலுக்கடியில் ஃபிளாஷ் அடிக்கும் ஸ்ட்ரோப் இரண்டு என்று வாங்கினால் கேமராவை விட ஹவுசிங் விலை கூடுதலாக நிற்கும். ஆரம்பிக்கிறவருக்கு அது வேண்டவே வேண்டாம். ஒலிம்பஸ் டி.ஜி. 6, அதற்கு அடுத்து வந்த ஓ.எம். சிஸ்டம் டி.ஜி. 7 இரண்டில் ஒன்று போதும், பழசாகக் கிடைத்தாலும் சரி. உள்ளங்கை அளவு கேமரா. அதில் மைக்ரோஸ்கோப் மோடு என்று ஒன்று இருக்கிறது, லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதைக்கூட ஃபோகஸ் செய்யும். ஹவுசிங் இல்லாமலே 15 மீட்டர் வரை தாங்கும் என்பது கம்பெனிக் கணக்கு. ஆனால் டைவுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் ஹவுசிங் போட்டுவிடுங்கள், கடல் உப்பும் மணலும் கதவு ஓரத்து ரப்பரை என்ன செய்யும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

அடுத்த செலவு லென்ஸ் இல்லை, ஒரு நல்ல ஸ்ட்ரோப். அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய செலவு ஒன்று உண்டு. மிதவைக் கட்டுப்பாடு கைவரும் வரை கேமரா இல்லாமல் டைவ் செய்யும் செலவு அது. தண்ணீரில் அசையாமல் நிற்கத் தெரியாதவர் கையில் எந்தக் கேமராவைக் கொடுத்தாலும், மணலைக் கிளப்பி, பவளத்தை உடைத்து, படமும் ஆடிப்போய்த்தான் வெளியே வருவார்கள். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு கிளை பவளம் விரல் நீளம் வளரப் பல மாதம் ஆகும், துடுப்பின் ஒரு உதையில் போய்விடும்.

கோயம்புத்தூர் வாசகர்: அந்தமானில் நான் எடுத்த படம் எல்லாம் நீலமும் பச்சையுமாக இருக்கிறது. இதழ்களில் வருகிற படங்களில் மட்டும் சிவப்பும் ஆரஞ்சும் எப்படி வருகின்றன? பின்னால் ஒரே கறுப்பாக இருக்கிறதே, அது கம்ப்யூட்டர் வேலையா?

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியை. ஐந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்க ஆரம்பித்து, பத்துப் பதினைந்து மீட்டரில் அநேகமாகக் காணாமலே போய்விடும். அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள். அந்த ஆழத்தில் விரலில் கீறல் பட்டால் ரத்தம் பச்சையாகத் தெரியும், முதல் தடவை பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். ஆக, நிறத்தை நாமே கொண்டுபோக வேண்டும், அதற்குத்தான் ஸ்ட்ரோப். மேலே இருந்து வரும் வெயில் பல மீட்டர் தண்ணீரைத் தாண்டி வருகிறது, ஸ்ட்ரோப் வெளிச்சம் ஒரு சாண் போய் ஒரு சாண் திரும்புகிறது, வழியில் சிவப்பு தொலைய நேரமே இல்லை.

கறுப்பு கம்ப்யூட்டர் வேலை இல்லை. ஷட்டரை நொடியில் இருநூறில் ஒரு பங்கு, லென்ஸ் துவாரத்தை எஃப் 16 என்ற சின்ன அளவு, ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 100 என்று வைத்தால் கடலில் இயல்பாக இருக்கும் வெளிச்சம் படத்தில் பதியவே பதியாது. ஸ்ட்ரோப் தொட்டது மட்டும் தெரியும். உயிருக்குப் பின்னால் பாறையோ மணலோ இல்லாமல் வெறும் தண்ணீர் இருக்கும்படி, கீழிருந்து சற்று மேல்நோக்கிக் கேமராவைப் பிடித்தால் பின்னால் கறுப்பு வந்துவிடும். ஸ்ட்ரோப்பை நேராக முன்னால் பார்க்க வைக்காமல் பக்கவாட்டில் தள்ளிச் சாய்த்து வையுங்கள். இல்லாவிட்டால் மிதக்கிற தூசி ஒவ்வொன்றும் ஒளி பட்டு வெள்ளைப் புள்ளியாக விழும்.

மதுரை வாசகி: எனக்கு நீச்சல் தெரியாது, வயசும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரியா?

இல்லவே இல்லை. பாறைக் கரையுள்ள எந்த ஊரிலும் கடல் வற்றும் நேரத்தில் பாறைக்குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். நம் தென்கோடியில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டரைத் தாண்டாது, அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் அதிகம் இருக்கும் வேளையைப் பார்த்துப் போங்கள். கணுக்கால் தண்ணீர்தான். சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு, பூ மாதிரி விரிந்திருக்கும் கடல் சாமந்தி என்ற உயிர், பொடி இறால், கொடுப்பினை இருந்தால் ஓடில்லாத கடல் நத்தை. முன்சொன்ன சின்னக் கேமராவைத் தண்ணீருக்குள் முக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த உயிர் இருக்கும் மட்டத்துக்குக் கையை இறக்கி எடுங்கள். மேலே நின்று குனிந்து எடுத்தால் எல்லா நண்டும் ஒரே மாதிரி முதுகைத்தான் காட்டும். கல்லைப் புரட்டிப் பார்த்தால் மறக்காமல் பழையபடியே கவிழ்த்து வையுங்கள், அடிப்பக்கம் வெயில் பட்டால் அங்கே ஒட்டியிருக்கும் முட்டைகளும் கடற்பஞ்சு என்ற உயிர்களும் காய்ந்து செத்துப்போகும். வழுக்காத செருப்பும் கூட ஒரு ஆளும் அவசியம். அலைக்கு முதுகைக் காட்டி உட்காராதீர்கள்.

தொண்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அக்கா, அப்பா வலையில் புல்லோடு சேர்ந்து கடல்குதிரை வரும். ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி அதில் விட்டு போனில் படம் எடுக்கிறேன். நல்லா வருது. இதைப் போட்டிக்கு அனுப்பலாமா?

தம்பி, அனுப்ப வேண்டாம், இனிமேல் எடுக்கவும் வேண்டாம். கடல்குதிரை 2001-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம், காய்ந்துபோனதை வீட்டில் வைத்திருந்தாலும் சிக்கல்தான். வலையில் தற்செயலாக வந்தது என்றால் உயிரோடு இருக்கும்போதே கடலில் விட்டுவிடச் சொல்லுங்கள். விடும்போது வெறும் மணல் பக்கம் விடாமல் புல் இருக்கும் பக்கம் விட வேண்டும். அதற்கு நீந்த வராது என்றே சொல்லலாம். முதுகுத் துடுப்பை நொடிக்கு முப்பது தடவைக்கு மேல் அடித்தும் சொற்ப தூரம்தான் நகரும், வாலால் பிடித்துக்கொள்ள ஒரு தண்டு கிடைத்தால்தான் அதற்கு நிம்மதி.

பாட்டில் படத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பியதை நன்றாகப் பார்த்தேன். வெளிச்சம் அழகாக விழுந்திருக்கிறது, உங்களுக்குக் கண் இருக்கிறது. ஆனால் அந்த வால் எதையுமே பற்றாமல் உள்ளுக்குள் இறுகச் சுருண்டிருக்கிறது பாருங்கள், அது தன் இடத்தில் இல்லாத கடல்குதிரை. கடற்புல்லில் இருப்பது அப்படி இருக்காது. தண்டு ஆடுகிற பக்கமே தானும் ஆடிக்கொண்டு, தலையை மட்டும் திருப்பாமல் ஒரு கண்ணை மட்டும் உங்கள் பக்கம் உருட்டும், இரண்டு கண்ணும் தனித்தனியே அசையும். இதை எந்தப் பாட்டிலிலும் எடுக்க முடியாது. உங்கள் ஊர்க் கரையில் இடுப்பளவு ஆழத்திலேயே கடற்புல் இருக்கிறது. அதற்கு ஒரு முகக்கண்ணாடி, ஒரு குழல், காற்றில்லாத காலைப்பொழுது போதும். உலகத்தில் பலர் விமானம் ஏறி வந்து தேடுவது உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது, பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு இறங்குங்கள். ஆண்தான் வயிற்றுப் பையில் குஞ்சுகளைச் சுமக்கும் என்பது தெரிந்திருக்கும். வயிறு உப்பிய ஒன்றைப் பார்த்தால் தள்ளி நின்று இரண்டு படத்தோடு நகர்ந்துவிடுங்கள்.

சிங்கப்பூர் வாசகர்: லெம்பேயில் கைடு ஒரு குச்சியால் நீல வளையப் பேய்க்கணவாயைத் தட்டித் தட்டி வளையங்களை ஒளிர வைத்தார். படம் பிரமாதமாக வந்தது. ஆனால் மனசு கேட்கவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்?

கையைக் காட்டி நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அடுத்த முறை இறங்குவதற்கு முன்னால், படகிலேயே சொல்லிவிடுங்கள்: ‘எனக்காக எதையும் தொட வேண்டாம், நகர்த்த வேண்டாம், காட்டினால் போதும்.’ பெரும்பாலான கைடுகள் படம் நன்றாக வந்தால்தான் வந்தவர் சந்தோஷப்படுவார், டிப்ஸ் கிடைக்கும் என்றுதான் தட்டுகிறார்கள். நாம் கேட்பதால்தான் அந்தக் குச்சி அசைகிறது என்பதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கணவாய் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சும்மா இருக்கும்போது மங்கிய மஞ்சளும் பழுப்புமாகப் பாறையோடு பாறையாகக் கிடக்கும், வளையங்களும் மங்கலாகத்தான் இருக்கும். மிரட்டினால் வளையங்களைச் சுற்றியுள்ள தசை விலகி, கண் இமைப்பதற்குள் நீலம் பளிச்சென்று வெளிப்படும். கிட்டே வராதே என்று அது சொல்லும் முறை அது. உமிழ்நீரில் இருப்பது டெட்ரோடோடாக்சின், பேத்தை மீனில் இருக்கும் அதே விஷம். மாற்றுமருந்து கிடையாது, மூச்சுத் தசைகள் நின்றுபோகும். இப்படிப்பட்டதைச் சீண்டிப் பார்ப்பது அதற்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை. வளையம் முழுசாக ஒளிர்கிற படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் யோசிப்பது இதை யார் பயமுறுத்தினார்கள் என்றுதான். பேத்தை மீன் பந்து மாதிரி உப்பி நிற்கும் படமும் அப்படித்தான். அந்தப் பேய்க்கணவாய் தானாகவே வேட்டைக்குக் கிளம்பி, ஒரு நண்டின் மேல் கைகளை விரித்துக் கவிழ்கிற படத்தைப் பொறுமையாக இருந்து எடுத்தவர் இருந்தால் அவருக்குத்தான் நான் எழுந்து நின்று கை தட்டுவேன்.

பெங்களூரு வாசகி: ஃபிளாஷ் அடித்தால் குள்ளக் கடல்குதிரைக்குக் கண் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கடல்குதிரை, தவளை மீன், கோஸ்ட் பைப்ஃபிஷ் என்ற குழல்மீன் இவற்றை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்தது. ஃபிளாஷால் வந்த பாதிப்பு, பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதால் வரும் பாதிப்பை விட அதிகமாக இல்லை, கடல்குதிரைகளின் கண்ணிலும் சேதம் தெரியவில்லை. அவை கடுமையாகக் கலங்கியது தொட்டபோதும் நகர்த்தியபோதும்தான். ஆக, விரல்தான் வில்லன்.

அதற்காக அடித்துத் தள்ளலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கேட்கும் குள்ளக் கடல்குதிரை இரண்டு சென்டிமீட்டர் உயரம், முரிசெல்லா என்ற விசிறிப் பவளத்தில் மட்டுமே வாழ்வது. அந்தப் பவளத்தின் மொட்டுகள் மாதிரியே உடம்பெல்லாம் முண்டு முண்டாக இருக்கும். 1969-இல் நியூ கலிடோனியாவில் ஜார்ஜ் பார்ஜிபாண்ட் என்பவர் சேகரித்த விசிறிப் பவளத்தைச் சோதித்துப் பார்த்தபோதுதான் அதில் இப்படி ஒரு உயிர் ஒட்டியிருப்பதே உலகத்துக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். இவ்வளவு ஒட்டி வாழ்கிறதை, அது முகம் திருப்பிக்கொண்டால், குச்சியால் திருப்பி நிறுத்துகிறார்கள். பத்துப் பேர் வரிசையில் நின்று ஆளுக்கு நூறு படம் எடுக்கிறார்கள். ஐந்தாறு படத்தோடு அடுத்தவருக்கு இடம் விடுங்கள், முகம் திரும்பிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

இரவு டைவில் டார்ச் இன்னும் மோசம். சிங்கமீன் வெளிச்சத்தின் பின்னாலேயே வந்து, நாம் வெளிச்சம் போட்டுக் காட்டிய குட்டி மீனை நம் கண் முன்னாலேயே கவ்விவிடும். ஃபோகஸ் செய்ய வெளிச்சம் வேண்டுமென்றால் சிவப்பு விளக்கு வையுங்கள், பல உயிர்களுக்கு அது சரியாகத் தெரியாது.

பெசன்ட் நகர் வாசகர்: 2023 டிசம்பரில் புயல் முடிந்த பிறகு இங்கே கரையில் நீல டிராகன் ஒதுங்கியதாகப் படம் வந்தது. நிஜமாகவே நம்ம கடலில் இருக்கிறதா? கையில் எடுத்துப் படம் எடுக்கலாமா?

நிஜம்தான், மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ஒதுங்கியது. மூன்று சென்டிமீட்டர் அளவுள்ள ஓடில்லாத கடல் நத்தை அது. வயிற்றுக்குள் காற்றை விழுங்கிக்கொண்டு நடுக்கடலில் மல்லாந்து மிதக்கும். நாம் முதுகு என்று நினைக்கும் அந்த நீலம் அதன் வயிற்றுப் பக்கம். மேலே பறக்கும் பறவைக்குக் கடல் நிறம், கீழே நீந்தும் மீனுக்கு வெளிறிய வானத்து நிறம். அதற்குச் சாப்பாடு போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் என்கிற, கொட்டினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும் மிதவை உயிர். அதைத் தின்றுவிட்டு, அதன் கொட்டும் செல்களை எடுத்துத் தன் உடம்பில் விரல் மாதிரி நீட்டியிருப்பவற்றின் நுனிகளில் சேமித்து வைத்துக்கொள்ளும். அதனால் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள், செத்துக் கிடந்தாலும் கொட்டும். குழந்தைகளை முதலில் தள்ளி நிறுத்துங்கள். ஈர மணலில் கிடப்பதை அப்படியே, முழங்கை ஊன்றிப் படுத்து, அதன் மட்டத்தில் எடுங்கள்.

திருச்சி வாசகர்: எவ்வளவு முயன்றாலும் ஃபோகஸ் தவறுகிறது. கண்ணை ஃபோகஸ் செய்தால் மூக்கு மங்கல், மூக்கைச் செய்தால் கண் மங்கல். கேமராவில் கோளாறா?

கேமராவில் ஒன்றும் இல்லை. உயிர் எவ்வளவு பெரியதோ அதே அளவில் கேமராவுக்குள் படம் பதியும் சென்சார் மேல் விழும்படி, ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் எடுக்கும்போது, எஃப் 16 வைத்தாலும் கூர்மையாக வருவது இரண்டு மில்லிமீட்டர் ஆழம்தான். இரண்டே மில்லிமீட்டர்! நீங்கள் மூச்சு விட்டால் உடம்பு அதைவிட அதிகமாக அசைகிறது. துவாரத்தை எஃப் 32 வரை சுருக்கலாமே என்று தோன்றும், சுருக்கினால் ஒளி சிதறி மொத்தப் படமும் மொழுமொழுவென்று ஆகிவிடும். எஃப் 16, அதிகம் போனால் 22 அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது இது. ஆட்டோ ஃபோகஸால் ஒரு தூரத்தைப் பிடித்துப் பூட்டிவிடுங்கள். அப்புறம் லென்ஸைத் தொடாமல், உடம்பை ஒரு நூல் முன்னும் ஒரு நூல் பின்னும் நகர்த்தி, கண் பளிச்சென்று தெளிகிற கணத்தில் அழுத்துங்கள். இறால், மீன், நண்டு எதுவானாலும் கண்தான் முக்கியம். கண் கூர்மையாக இருந்தால் மற்றது மங்கினாலும் பார்க்கிறவர் மன்னித்துவிடுவார். ஓடில்லாத நத்தைக்குக் கண் பெயருக்குத்தான், அதனால் தலையில் நிற்கும் இரண்டு கொம்புகளைப் பிடியுங்கள். அவை அதன் மோப்பக் கருவிகள். நன்றாக வந்த படத்தில் அந்தக் கொம்பில் அடுக்கடுக்காக மடிப்புகள் தெரியும், வாசனை பிடிக்க இடம் அதிகம் வேண்டும் என்பதற்காக அமைந்த மடிப்புகள். அந்த மடிப்பை எண்ண முடிகிறதா என்று பாருங்கள், முடிந்தால் ஃபோகஸ் சரி. உயிரை முழுசாகக் காட்ட வேண்டுமென்றால் அதன் பக்கவாட்டுக்கு இணையாகக் கேமராவை வையுங்கள், நீளம் முழுவதும் அந்த இரண்டு மில்லிமீட்டருக்குள் விழும்.

பிலிம் காலத்தை நினைத்தால் இதெல்லாம் சுகம். 1963-இல் வந்த நிக்கோனாஸ் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்கவே முடியாது. நெருக்கப் படத்துக்கு முன்னால் ஒரு கம்பிச் சட்டம் நீட்டிக்கொண்டிருக்கும், அதற்குள் உயிரைக் கொண்டுவந்தால் ஃபோகஸ் சரி என்று கணக்கு. கம்பியைக் கண்டதும் மீன் ஓடிவிடும். 36 படத்தோடு ரோல் தீரும், கரைக்கு வந்து கழுவிப் பார்த்தால்தான் வந்ததா போனதா என்று தெரியும். அப்படியும் அற்புதமாக எடுத்தவர்கள் இருந்தார்கள்.

காரைக்கால் வாசகர்: படம் எடுக்கும்போது ஆடாமல் இருக்க மூச்சை அடக்கலாமா?

ஸ்கூபாவில் மூச்சை அடக்கக் கூடாது. மூச்சைப் பிடித்தபடி கொஞ்சம் மேலே போனாலும் நுரையீரலுக்குள் காற்று விரிந்து கிழித்துவிடும். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஏறினாலே ஆபத்து. மெதுவாக மூச்சை விட்டு முடிக்கும் இடத்தில் உடம்பு தானாக ஒரு கணம் அமைதியாகும், அப்போது அழுத்துங்கள். அவ்வளவுதான் பேச்சு.

நாகர்கோவில் வாசகி: ஹவுசிங்குக்குள் தண்ணீர் போய்விடுமோ என்ற பயத்திலேயே இறங்கவில்லை.

தண்ணீர் புகுவது பெரும்பாலும் ஒரு முடியால், ஒரு மணலால். மூடும் இடத்தில் இருக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையத்தை வெளியே எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, பள்ளத்தையும் துடைத்து, சிலிகான் கிரீஸை மினுமினுப்பு வரும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். அப்பிவிட்டால் அதுவே மணலை இழுத்து ஒட்டும். முதல் தடவை கேமரா இல்லாமல் உள்ளே ஒரு டிஷ்யூ காகிதத்தை மட்டும் வைத்து மூடி இறக்குங்கள், ஒரு துளி கசிந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். மேலே வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு எல்லாப் பொத்தானையும் அழுத்தி அழுத்தி விடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மூடினால் உள்ளே வியர்த்து லென்ஸ் பனிக்கும், ஏ.சி. அறையில் மூடி இரண்டு சிலிகா ஜெல் பொட்டலத்தையும் போட்டுவிடுங்கள். கடற்கரை ஊரில் லென்ஸுக்குப் பூஞ்சை சீக்கிரம் வரும், வீட்டில் காற்றுப் புகாத டப்பா ஒன்று அவசியம்.

யாழ்ப்பாணத்து வாசகர்: நடுக்கடலில் இரவில் இறங்கிப் படம் எடுக்கிறார்களாமே, பிளாக்வாட்டர் என்று. அதுபற்றிச் சொல்லுங்கள்.

அடியே தெரியாத ஆழக்கடலில், படகிலிருந்து விளக்குக் கயிறு ஒன்றைத் தொங்கவிட்டு, அதைச் சுற்றி மிதந்தபடி எடுப்பது. பகலில் ஆழத்தில் கிடக்கும் கோடானுகோடிப் பொடி உயிர்கள் இரவில் இரை தேடி மேலே ஏறும். கண்ணாடி மாதிரி உடம்புள்ள மீன் குஞ்சு, சொறிமீன் மேல் சவாரி செய்யும் கணவாய்க் குஞ்சு என்று எல்லாம் அங்கேதான். ஹவாயின் கோனாவும் அனிலாவும் இதற்குப் பேர்போனவை. ஆசை வரும், தெரியும். பல வருஷ டைவ் பழக்கமும் இதைத் தொழிலாகச் செய்கிற குழுவும் இல்லாமல் கிட்டே போகாதீர்கள்.

சேலம் வாசகி: கைடு காட்டும் வரை எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை. அவர்களுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

அவர்கள் உயிரைத் தேடுவதில்லை, அதன் வீட்டையும் சாப்பாட்டையும் தேடுகிறார்கள். ஓடில்லாத கடல் நத்தையில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் தெரிய வந்திருக்கின்றன. அவற்றில் நிறைய இனங்கள் சாப்பாட்டில் படு கறார், ஒரு குறிப்பிட்ட கடற்பஞ்சை விட்டு வேறெதையும் தொடாது. அந்தப் பஞ்சைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ரிப்பன் சுருட்டி வைத்த மாதிரி ஒரு முட்டைச் சரம் பாறையில் ஒட்டியிருந்தால் போட்டவர் பக்கத்தில்தான் இருப்பார். கடல் அட்டையைக் கண்டால் அதன் மேலேயே சவாரி செய்யும் எம்பரர் இறால் இருக்கிறதா என்று தலை முதல் வால் வரை பார்க்க வேண்டும்.

இலை ஆடு என்று எல்லோரும் பகிர்கிற அந்தப் பச்சைக் குட்டிக் கடல் நத்தையை எடுத்துக்கொள்ளுங்கள், 1993-இல் ஜப்பானின் குரோஷிமா தீவின் பெயரில் பதிவான இனம், நீளம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது. அது தின்பது வெல்வெட் மாதிரிப் பச்சையாக மணலில் நிற்கும் ஒரு வகைப் பாசியை. பாசியைத் தின்றாலும் அதில் ஒளியைக் கொண்டு உணவு செய்யும் பசுங்கணிகங்களைச் செரிக்காமல் முதுகில் இருக்கும் இலைகளுக்குள் வைத்துக்கொள்கிறது, அவை அங்கேயும் கொஞ்ச நாள் சூரிய ஒளியில் வேலை செய்கின்றன. இது தெரிந்த கைடு நத்தையைத் தேடி மணலை அலச மாட்டார். அந்தப் பாசி இலையைக் கண்டு, அதன் மேல் பொடிப் பொடியாக இரண்டு கறுப்புக் கண் தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். அடுத்த டைவில் ஒரே ஒரு கடல் சாமந்தியை எடுத்துக்கொண்டு, கூட வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, காற்று அளவைப் பார்த்துக்கொண்டு, இருபது நிமிஷம் அதன் பக்கத்திலேயே இருங்கள். முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் இருக்காது. அப்புறம் உடம்பே கண்ணாடியாக இருக்கும் ஒரு இறால், உள்ளே இருக்கும் முட்டைகள் தெரிய, சாமந்தியின் ஒரு விரல் நுனியிலிருந்து அடுத்த விரல் நுனிக்குத் தாவும். பக்கத்தில் ஒரு பீங்கான் நண்டு, விசிறி மாதிரி இரண்டு கைகளை மாற்றி மாற்றி வீசித் தண்ணீரை அரித்துக்கொண்டிருக்கும். என்னென்ன பார்த்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள், படம் வந்திருந்தால் அதையும்.